போலியும் செயற்கையும்: முத்து, மணி இனங்காணலில் தமிழ்க் கலைச்சொற்கள்

1. முன்னுரை

நகைக்கடையில் வாடிக்கையாளருக்குத் தரப்படும் உறுதிச்சீட்டு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க வேண்டியிருப்பதாகக் கொள்வோம். அதில் 'கல்ச்சர்டு பேர்ல்', 'இமிடேஷன் பேர்ல்', 'சிந்தெடிக் ரூபி', 'இமிடேஷன் ரூபி' என்னும் நான்கு தொடர்கள் இடம்பெறுகின்றன. மொழிபெயர்ப்பாளர் இந்நான்கிற்கும் 'செயற்கை' என்னும் ஒரே அடையைப் பயன்படுத்துவாராயின், மூலத்தில் நான்காக இருந்த பொருள்கள் தமிழில் இரண்டாகிவிடும். சிப்பியின் உடலில் விளைந்த முத்தும், நெகிழி உருண்டைக்கு மேற்பூச்சு இட்டதும் 'செயற்கை முத்து' என ஒரே பெயர் பெறும். விலையிலோ இவ்விரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. பிழை மொழிபெயர்ப்பாளருடையது, இழப்பு வாங்குவோருடையது.

மணிகளை இனங்காணுதல் மணியியலாரின் பணியாயினும், இனங்கண்ட முடிவைச் சொல்லால் அறிவித்தல் மொழியைச் சார்ந்த பணியாகும். அச்சொற்கள் எவ்வேறுபாடுகளைக் காக்க வேண்டும், இன்றைய தமிழ் வழக்கில் அவை எங்கே மயங்குகின்றன, அம்மயக்கத்தை நீக்கத் தமிழின் சொல்லாக்க முறை எவ்வாறு உதவும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இரு வினாக்கள்

மணி ஒன்றை ஆய்வோர் இரு வினாக்களுக்கு விடை தேடுகின்றனர். அப்பொருள் எதனால் ஆயது என்பது முதல் வினா. அது எவ்வாறு தோன்றியது என்பது இரண்டாம் வினா. இவ்விரண்டும் வேறுவேறானவை. இவற்றுக்கான விடைகளைக் கொண்டு மணிகளைப் பின்வருமாறு வகுக்கலாம்.

(அ) இயற்கை மணி: மண்ணிலோ உயிரியின் உடலிலோ மனிதத் தலையீடின்றித் தோன்றியது.

(ஆ) பக்குவப்படுத்திய மணி: இயற்கையில் தோன்றிப் பின்னர் வெப்பமூட்டியும், எண்ணெய் ஏற்றியும், சாயமிட்டும், வெடிப்புகளில் கண்ணாடி நிரப்பியும் தோற்றம் மேம்படுத்தப்பட்டது.

(இ) வளர்க்கப்பட்ட மணி: மனித முயற்சியால் தோன்றியதாயினும், இயற்கை மணிக்குரிய அதே பொருளால் ஆயது. வளர்ப்பு முத்தும், ஆய்வகத்தில் உருவாகும் மாணிக்கமும் வைரமும் இதனுள் அடங்கும்.

(ஈ) சாயல் மணி: தோற்றத்தால் மட்டும் ஒத்து, பொருளால் வேறுபட்டது. சிவப்புக் கண்ணாடி மாணிக்கத்தின் சாயலாகும்.

(உ) ஒட்டு மணி: மேலே ஒரு பொருளும் கீழே மற்றொரு பொருளுமாக இணைத்து ஒரே கல்லெனத் தோன்றச் செய்தது.

சாயல் மணிகளின் வரலாறு மிகப் பழையது. படிகத்திற்கு நிறமேற்றிப் பிற மணிகளாக, சிறப்பாகப் பெரில் என்னும் கல்லாகக் காட்டும் முறையை இந்தியர் கண்டறிந்தனர் என்று கி.பி. முதல் நூற்றாண்டினரான உரோம அறிஞர் பிளினி எழுதியுள்ளார். அதே காலப் பகுதியில் கொங்கு நாட்டுப் படியூரில் பெரில் கல் கிடைத்தமையும், கொடுமணல் அகழாய்வில் மணி செய் தொழிற்கூடங்களின் எச்சங்கள் வெளிப்பட்டமையும் ஈண்டு நோக்கத்தக்கன. உண்மை மணி விளைந்த நிலத்திலேயே சாயல் மணியும் உருவாகியிருத்தல் வியப்பன்று.

3. 'போலி', 'செயற்கை', 'வளர்ப்பு': அடைகளின் பொருண்மை

பெயருக்கு முன் வரும் அடை, தலைச்சொல்லின் பொருளை வரையறுக்கலாம், அல்லது நீக்கிவிடலாம். 'நல்ல மருத்துவர்' என்னுமிடத்து அவர் மருத்துவரே. 'போலி மருத்துவர்' என்னுமிடத்து அவர் மருத்துவர் அல்லர். எனவே 'போலி' என்பது தலைச்சொல்லின் பொருளை நீக்கும் அடையாகும். 'வளர்ப்பு' என்பது நீக்காத அடை. வளர்ப்பு மகன் மகனே. பிறப்பால் அன்றி வளர்ப்பால் மகன் என்பதே வேறுபாடு.

'செயற்கை' என்பதோ இரண்டு வகையாகவும் இயங்குகிறது. பின்வரும் தொடர்களை ஒப்பிடுக.

(1) செயற்கை மழை
(2) செயற்கைப் பூ

செயற்கை மழை மழையே. நனைக்கும், நிலத்தில் ஊறும். செயற்கைப் பூ பூவன்று. துணியாகவோ தாளாகவோ இருக்கும். கேட்போர் உலகியலறிவைக் கொண்டே எது நீக்கும் அடை, எது நீக்கா அடை என உணர்கின்றனர். மழையும் பூவும் யாவர்க்கும் தெரிந்தவையாதலின் மயக்கம் எழுவதில்லை. 'செயற்கை முத்து' என்னுமிடத்துக் கேட்போருக்கு அவ்வறிவு இல்லை. அவரே அதனைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் சீட்டைப் படிக்கிறார். ஆதலின் அச்சொல் அவருக்கு விடையளிக்காமல் வினாவையே திருப்பித் தருகிறது.

'போலி' என்னும் சொல்லில் வேறொரு சிக்கல் உண்டு. இலக்கண நூல்களில் போலி என்பது வஞ்சனைப் பொருள் உடையதன்று. 'நிலம்' என்பது 'நிலன்' எனவும், 'பந்தல்' என்பது 'பந்தர்' எனவும் வரும்போது, ஓரெழுத்தின் இடத்தில் மற்றோரெழுத்து நின்றும் பொருள் மாறுவதில்லை. இன்றைய பொதுவழக்கிலோ போலி என்றாலே ஏமாற்று என்னும் பொருள் முந்துகிறது. நடனக் கலைஞர் ஒருவர் அறிந்தே வாங்கும் கண்ணாடிக்கல் நகையில் ஏமாற்று எதுவும் இல்லை. அதனைப் 'போலி நகை' என்பது விற்றவர் மீது குற்றம் சாட்டுவதாகும். சாயல் என்பது பொருளின் நிலை. போலி என்பது விற்பனையின் நிலை. உண்மையான ஆய்வக மாணிக்கத்தையும் இயற்கை மாணிக்கம் என்று கூறி விற்றால், அவ்விற்பனை ஏமாற்றே ஆகும். இவ்விரு நிலைகளையும் ஒரு சொல்லில் அடக்குதல் பொருந்தாது.

4. முத்து

முத்து என்னும் சொல் தமிழிலும் கன்னடத்திலும் ஒரே வடிவில் வழங்குகிறது. முத்தில் பெரும்பகுதி ஆரகோனைட் என்னும் சுண்ணக் கனிமம். அதனைப் பிணைப்பது கான்கியோலின் என்னும் கரிமப்பொருள். இவை மெல்லிய படலங்களாக அடுக்கப்படுவதால் முத்துக்கு அதன் உள்ளொளி அமைகிறது. முத்துப்படலத்தை அமிலம் அரிக்கும். வியர்வையும் நாளடைவில் மங்கச் செய்யும்.

வளர்ப்பு முத்தில் மனிதர் செய்வது தூண்டுதல் மட்டுமே. கிளிஞ்சல் ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த சிறு உருண்டையும் மற்றொரு சிப்பியின் மேலுறைத் திசுத்துண்டும் சிப்பியினுள் வைக்கப்படுகின்றன; படலத்தைச் சுரப்பது சிப்பியே. ஜப்பானில் மிக்கிமோட்டோ கோக்கிச்சி 1893இல் அரைக்கோள வடிவ முத்தை இவ்வகையில் பெற்றார். இந்தியாவில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் 1973இல் கோளவடிவ வளர்ப்பு முத்தை உருவாக்கினர். தூத்துக்குடிக் கடற்பகுதியில் 1955 முதல் 1961 வரை நடைபெற்றதே இறுதிப் பெரு முத்துக்குளிப்பாகும். எனவே 'புதிதாகக் குளித்தெடுத்த தூத்துக்குடி இயற்கை முத்து' என விற்கப்படும் சரம் ஐயத்திற்குரியது.

முத்தை இனங்காண மக்கள் கையாளும் எளிய வழி, முன்பல்லின் விளிம்பில் மெல்ல உரசிப் பார்ப்பதாகும். முத்துப்படலம் நறநறவென்று தோன்றும். கண்ணாடியும் நெகிழியும் வழுவழுப்பாக இருக்கும். இச்சோதனை எவ்வினாவிற்கு விடையளிக்கிறது என்பதைத் தெளிதல் வேண்டும். அது பொருள் பற்றிய வினாவிற்கு மட்டுமே விடை தருகிறது. இயற்கை முத்தும் வளர்ப்பு முத்தும் ஒன்றுபோலவே நறநறக்கும். தோற்றம் பற்றிய வினாவிற்குத் துளையைக் காண வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் துளையினுள் நோக்கினால், உருண்டைக் கரு உள்ள வளர்ப்பு முத்தில் கருவும் படலமும் கூடுமிடத்தில் ஒரு கோடு பெரும்பாலும் தெரியும். நன்னீர் வளர்ப்பு முத்துகளுட் பல, கரு வைக்காமல் திசுத்துண்டு மட்டும் வைத்து வளர்க்கப்படுவன. அவற்றில் இக்கோடு இராது. ஆகவே உறுதியான முடிவுக்கு ஊடுகதிர்ப் படமே வேண்டப்படுகிறது.

சாயல் முத்தின் மேற்பூச்சு துளையின் வாயில் உரிந்தும் பிசிறியும் காணப்படும். சரத்திலுள்ள முத்துகள் அனைத்தும் வடிவிலும் நிறத்திலும் ஒளியிலும் அச்சில் வார்த்தாற்போல ஒத்திருப்பதும் ஐயம் கொள்ளத்தக்கதே.

5. மாணிக்கமும் கெம்பும்

மாணிக்கம் கொரண்டம் என்னும் கனிமத்தின் சிவப்பு வகை. பிரான்சு நாட்டு வேதியியலார் வெர்னாய் 1902இல் வெளியிட்ட முறையில், அலுமினியம் ஆக்சைடுத் தூள் சுடரில் உருகிச் சொட்டிக் கல்லாக வளர்கிறது. தமிழகத்தில் மேட்டுப்பாளையத்தில் இத்தகைய கற்களை உருவாக்கும் ஆலை இயங்கியது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளில் கற்களுக்குப் பட்டை தீட்டுதல் குடிசைத் தொழிலாகப் பரவியது.

ஆய்வக மாணிக்கமும் இயற்கை மாணிக்கமும் கடினத்தால் மோ அளவையில் 9; அடர்த்தியால் ஏறத்தாழ 4. எடையாலும் கீறலாலும் இவற்றைப் பிரித்தறிதல் இயலாது. உருப்பெருக்கியின் கீழ் ஆய்வகக் கல்லில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் வளிக் குமிழிகளும் தென்படும். இயற்கைக் கல்லில் கோடுகள் நேராகவும் கோணமாகவும் அமையும். பட்டிழை போன்ற நுண்ணூசிகளும் காணப்படலாம். கண்ணாடியோ கடினம் குறைந்தது. பட்டை விளிம்புகள் மழுங்கித் தேய்ந்திருக்கும். தொட்டால் கல்லின் தண்மை தோன்றாது. கல்லின் அடிப்பக்கத்தை மூடிப் பதித்து, அடியில் வண்ணத்தகடு வைத்த நகைகளில் இவற்றைக் காண்பது அரிது. ஐயம் வலுக்குமாயின் கல்லைக் கழற்றியே ஆய்தல் வேண்டும்.

'கெம்பு' என்னும் சொல்லின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. தமிழில் 'செம்', 'செவி' என வரும் இடங்களில் கன்னடத்தில் 'கெம்', 'கிவி' எனக் ககரம் நிற்கும். முன்னுயிருக்கு முன் ககரம் சகரமாதல் தமிழின் பழைய ஒலிமாற்றம். அம்மாற்றத்திற்கு உட்படாமல் 'கெம்பு' எனத் தமிழில் வழங்குவதே அது கடன்சொல் என்பதற்குச் சான்றாகும். கன்னடத்தில் அச்சொல் சிவப்பு நிறத்தையும் மாணிக்கத்தையும் குறிக்கும். தமிழில் அது மாணிக்கம் என்னும் பொருளோடு புகுந்தது. இன்று நாட்டிய நகை வணிகத்தில் 'கெம்புக்கல் செட்டு' என்றால் சிவப்புக் கண்ணாடிக்கல் அல்லது ஆய்வகக் கல் பதித்த நகை என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. பழைய சீதனப் பட்டியலில் காணும் 'கெம்பு அட்டிகை'யும் இன்றைய விலைப்பட்டியலின் 'கெம்பு அட்டிகை'யும் ஒரு சொல்லே, ஒரு பொருளல்ல. மைசூரில் அமர்ந்து தமிழிலிருந்து கன்னடத்திற்கு மொழிபெயர்ப்போர் இச்சொல்லை அப்படியே மாற்றி வைத்தால், தமிழில் நிகழ்ந்த பொருட்குறைவு கன்னட வாசகருக்குத் தெரியாமற் போகும்.

6. வைரம்

கியூபிக் சிர்க்கோனியா என்னும் கல் 1976 முதல் வணிகத்திற்கு வந்தது. சந்தையில் இதனை 'அமெரிக்கன் டைமண்ட்' என்பர். திருச்சியில் இக்கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழிலைச் 'செயற்கை வைரத் தொழில்' எனத் தமிழ் நாளிதழ்கள் எழுதி வந்துள்ளன. இங்குச் 'செயற்கை' நீக்கும் அடை. அக்கல் கரியால் ஆயதன்று, வைரத்தின் சாயலே.

ஆயின் உண்மையிலேயே கரியால் ஆய வைரத்தை ஆய்வகத்தில் உருவாக்கியதாக அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1955இல் அறிவித்தது. நகைக்கு ஏற்ற தரமுடைய ஆய்வக வைரங்கள் இன்று பெருமளவில் சந்தையில் உள்ளன. 2023ஆம் ஆண்டு நடுவணரசின் நிதிநிலை அறிக்கையைத் தொடர்ந்து, இவ்வைர ஆராய்ச்சிக்கெனச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐந்தாண்டுகளுக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இவ்வைரத்தையும் 'செயற்கை வைரம்' என்றால் அங்கே அடை நீக்காத அடையாகும். ஆக, ஒரே தொடர் திருச்சியில் வைரம் அல்லாததையும், சென்னையில் வைரத்தையும் குறிக்கும் நிலை ஏற்பட்டுள்ளது.

சோதனை முறையும் இவ்வேறுபாட்டை எதிரொலிக்கிறது. வைரத்தின் அடர்த்தி 3.52, சிர்க்கோனியாவின் அடர்த்தி 5.6க்கும் 6க்கும் இடைப்பட்டது. ஒரே பருமனுடைய இரு கற்களில் சிர்க்கோனியாவே கனக்கும். வைரம் வெப்பத்தை விரைந்து கடத்துவதால், வெப்பம் உணரும் சோதனைக் கோல் சிர்க்கோனியாவைக் காட்டிக்கொடுக்கும். 1998 முதல் நகைகளில் வழங்கும் மொய்சனைட் என்னும் சாயற்கல்லோ, வெப்பத்தை மட்டும் உணரும் கோலை ஏமாற்றவல்லது. பட்டைகளின் விளிம்புகள் உள்ளே இரட்டையாகத் தெரிவது கொண்டு அதனை அறியலாம். ஆய்வக வைரமோ பொருளால் வைரமேயாதலின் இவ்வெளிய கருவிகளுக்குப் பிடிபடாது. நிறமாலை ஆய்வுக் கருவிகள் வேண்டும்.

7. குற்றமும் சான்றும்

மணி ஆய்வுக்குரிய சொற்கள் தமிழில் பண்டே வளர்ந்திருந்தன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடை வீதியைக் கூறுமிடத்துக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என வைரத்தின் குற்றங்களைச் சுட்டுகிறது. காற்று, மண், கல், நீர் ஆகியவற்றால் முத்துக்கு நேரும் குற்றங்களையும் குறிப்பிடுகிறது. அடியார்க்குநல்லார் உரை இவற்றுக்கு விரிந்த விளக்கம் தருகிறது. அக்காப்பியத்தின் வழக்கே சிலம்பின் உட்பொருள் முத்தா மாணிக்கமா என்பதில் நிலைகொண்டது. புறத்தோற்றம் ஒத்திருந்தமையால் உடைத்தே உண்மை காண நேர்ந்தது.

இச்சொற்களை இன்றைய மணியியலுக்குக் கொண்டுவருவோர் ஒன்றைக் கருத வேண்டும். பழைய நூல்களில் இவை குற்றங்கள்; கல்லின் மதிப்பைக் குறைப்பன. இன்றைய ஆய்வகத்தில் உள்ளே காணும் ஊசியும் புள்ளியும் கோடும் கல் எங்குத் தோன்றியது என்பதற்குச் சான்றுகளாகவும் அமைகின்றன. மிகப் பெரியதாயும் மறுவே இல்லாததாயும் உள்ள மாணிக்கம் மகிழ்ச்சியைவிட ஐயத்தையே முதலில் எழுப்பும். எனவே 'இன்குளூஷன்' என்பதைக் 'குற்றம்' என்றோ 'குறை' என்றோ பெயர்த்தல் ஆய்வறிக்கையின் கருத்தைத் தலைகீழாக்கும். 'உட்பொதிவு' என்னும் நடுநிலைச் சொல்லே தக்கது.

முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கொடையளித்த அணிகலன்களில் முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் எனப் பிரித்து எண்ணிக்கையோடு பதிவு செய்கின்றன. அவற்றுள் 'ஒப்புமுத்து' என்பதை இன்றைய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் 'ஒத்த முத்து', அஃதாவது சாயல் முத்து, எனக் கொள்ளக்கூடும். இக்கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹூல்ச் அதற்கு மெருகிட்ட முத்து என்றே பொருள் கொண்டார். 'ஒப்பமிடுதல்' என்னும் வழக்கு அதற்கு அரணாகும். இக்காரணத்தால் சாயல் மணிக்கு 'ஒப்பு' என்னும் அடையைப் புதிதாக ஆக்குதல் தவிர்க்கத்தக்கது.

8. பெயர் நிலைத்துப் பொருள் பெயர்தல்

வைடூரியம் என்னும் சொல் பிராகிருத வழியாகக் கிரேக்கம் சென்று 'பெரில்' என்னும் பெயருக்கு மூலமாயிற்று. இன்று தமிழ் நகைக்கடையில் வைடூரியம் என்பது பூனைக்கண் போன்ற ஒளிக்கோடு உடைய வேறொரு கல். புட்பராகம் என்பதற்கு அகராதிகளில் 'டோபாஸ்' என்னும் பொருள் காணப்படினும், நவமணி மோதிரத்தில் இன்று அது மஞ்சள் நிறக் கொரண்டத்தையே பெரிதும் குறிக்கும். இவை இரண்டும் வெவ்வேறு கனிமங்கள், விலையும் வேறு.

இடப்பெயர் அடைகளும் இத்தகையன. 'ஐதராபாத் முத்து' அங்கு விளைவதன்று. துளையிட்டும் வெளுக்கச் செய்தும் கோத்தும் விற்கப்படுவது. 'புளூ ஜாகர்' என்பதில் உள்ள 'ஜாகர்', தென்னாப்பிரிக்காவின் ஜாகர்சுபோன்டைன் சுரங்கத்தைச் சுட்டியது. இன்று அது வைரத்தின் நிறத்தரமாகவே கொள்ளப்படுகிறது. 'அமெரிக்கன்' என்னும் அடையோ இடத்தையும் குறிப்பதில்லை, பொருளையும் குறிப்பதில்லை.

9. பரிந்துரை

தமிழ்த் தொகைச்சொல்லில் பொதுவாக இறுதிச் சொல்லே வகையைத் தீர்மானிக்கிறது. 'கண்ணாடி முத்து' என்றால் முத்தின் வகையாகவும், 'முத்துச்சாயல் கண்ணாடி' என்றால் கண்ணாடியின் வகையாகவும் கேட்போர் மனம் கொள்ளும். இவ்வியல்பைக் கொண்டே பின்வரும் நெறிகளை வகுக்கலாம்.

(அ) பொருளால் மணியல்லாத ஒன்றுக்கு மணியின் பெயர் இறுதிச் சொல்லாக நிற்றல் கூடாது. 'மாணிக்கச்சாயல் கண்ணாடிக்கல்', 'வைரச்சாயல் சிர்க்கோனியா' எனப் பொருளின் பெயரே இறுதியில் நிற்க வேண்டும்.

(ஆ) பொருளால் மணியாக இருந்து தோற்றத்தால் வேறுபடுவதற்கு நீக்காத அடை வேண்டும். முத்துக்கு 'வளர்ப்பு', பிறவற்றுக்கு 'ஆய்வக'. வைரம் பற்றிய பன்னாட்டுத் தர ஆவணமான ஐ.எஸ்.ஓ. 18323 (2015), அடையின்றி வரும் 'வைரம்' இயற்கை வைரத்தையே குறிக்கும் என்கிறது. ஆய்வக வைரத்திற்குக் 'கல்ச்சர்டு' என்னும் சொல்லையும் விலக்குகிறது. ஆதலின் 'வளர்ப்பு வைரம்' என எழுதாமல் 'ஆய்வக வைரம்' என எழுதுதலே பொருந்தும்.

(இ) பக்குவப்படுத்திய மணிக்கு அப்பக்குவத்தின் பெயரையே கூறுதல் நலம்: 'வெப்பமூட்டிய மாணிக்கம்', 'எண்ணெய் ஏற்றிய மரகதம்'.

(ஈ) 'செயற்கை' என்பதை உறுதிச்சீட்டிலும் ஆய்வறிக்கையிலும் தவிர்க்கலாம். 'போலி' என்பதை ஏமாற்று உறுதிப்பட்ட இடத்திற்கு மட்டும் ஒதுக்கலாம்.

(உ) 'ஹால்மார்க்' முத்திரை பொன்னின் தரத்தை மட்டுமே குறிப்பது. 'தரச் சான்று பெற்ற நகை' எனப் பொதுப்படப் பெயர்த்தால், பதித்த கற்களுக்கும் அச்சான்று உண்டென வாசகர் கருதக்கூடும். 'பொன்தர முத்திரை' என்பதே தெளிவானது.

10. முடிவுரை

கருவி கண்டறிந்த வேறுபாட்டைச் சொல் இழக்குமாயின், கருவியின் பணி வீணாகும். முத்தின் துளையில் ஒரு கோட்டைக் கண்டு, இது இயற்கை முத்தன்று, ஆயினும் முத்தே எனத் துணியும் ஆய்வாளரின் முடிவு இரு கூறுகளை உடையது. 'செயற்கை முத்து' அவ்விரண்டையும் குழப்புகிறது. 'போலி முத்து' ஒன்றை மறுக்கிறது. 'வளர்ப்பு முத்து' இரண்டையும் காக்கிறது. மகள் திருமணத்திற்காகச் சேமித்த பணத்தோடு கடைக்கு வருவோரிடம் உருப்பெருக்கியும் இல்லை, ஊடுகதிர்க் கருவியும் இல்லை. அவர் கையில் இருப்பது சீட்டும் அதிலுள்ள சொற்களுமே. அச்சொற்களைத் துல்லியமாக ஆக்கித் தருதல் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரிய கடமையாகும்.